கோட்டை மட்டும் தொடாதீங்க

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது நம் சின்னவள் கோயில் நடுவில் கால் இடறி, கட்டைவிரல் நகம் பெயர்ந்து, வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தாள். வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல எல்லார் வூட்டுத் தரையையும் ரசமட்டம் வெச்சுப் போடுற. கோயில் நடுவுல மட்டும் இப்பிடி ஒரு பள்ளத்த வுட்டு வெச்சிருக்கியே, நீயெல்லாம் இன்னாப்பா கொத்தனாரு?"

பெரியவனும் கூடச் சேர்ந்துகொண்டான். "அப்பா போட்ட தரைன்னு வெளியில சொல்லாத. நமக்குத்தான் கேவலம்."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, உங்களுக்கும் தெரியும். கோடு. தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவர் வரை, ஒரு முழ அகலத்துக்கு, சிமென்ட் உடைந்து பழைய செங்கல் தெரியும்படி கிடக்கிறதே, அதுதான். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை பிள்ளைகளா. ஒரு தடவை அதை நான் மூடினேன். கண்ணாடி மாதிரி மூடினேன். என் கையால் செய்த வேலைகளில் நான் வெட்கப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் சிதம்பரத்தில் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிதம்பரத்தில் என் அண்ணனோடு கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் வீதிகளில் இருக்கும் பழைய சத்திரங்களுக்கு மராமத்து, படிக்க வந்த பிள்ளைகள் தங்கும் வீடுகளுக்கு மாடி எடுப்பது, இப்படி. அந்த வருஷம் மழைக்காலத்தில் அடித்த புயலில் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் கோயிலின் கூரை போய்விட்டது. ஓடும் உத்திரமும் உள்ளே விழுந்து தரையெல்லாம் நொறுங்கியது. அம்மா பிறந்து வளர்ந்த பங்கு அது. "வேலை இருக்கு, மாப்ளைய வரச் சொல்லு" என்று உங்கள் மாமா ஆள் அனுப்பினார். நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

மாமா அப்போது துறைமுகத்தில் தோணி வேலை பார்த்தார். நம் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நின்றுவிடும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். விடிவதற்கு முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். உங்கள் அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான்.

நான் வருவதற்கு முன்பே ஓ.டி.யில் ஒரு சண்டை நடந்து பாதியில் நின்றிருந்தது. பங்கில் வசதியானவர்கள் பலர் புது டவுனான என்.டி.க்குக் குடிபோய்விட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். பண்ணுருட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக அவருக்கு மூட்டை வரும். அவர் சொன்னது இதுதான்: ஆளும் போயாச்சு, கூரையும் போயாச்சு. இருக்கிற தேக்கையும் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போய் என்.டி.யில் புதுக் கோயில் கட்டிக்கொள்ளலாம். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் பார்த்தால் அதுதான் சரி.

ஓ.டி.யில் மிஞ்சியிருந்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், மண்டியில் மல்லாட்டை உடைக்கும் பெண்கள். அவர்கள் பிஷப்புக்கு, அப்போது மேற்றிராணியார் என்போம், மனு எழுதினார்கள். கோயிலை இடிக்கக் கூடாது என்பதற்கு அதில் ஒரே காரணம்தான் இருந்தது. 'எங்கள் கோடு இங்கே இருக்கிறது.' மேற்றிராணியாரிடமிருந்து பதில் வந்தது. முதலில் மராமத்து செய்து பூசையை நடத்துங்கள். பொங்கல் கழித்து ஒரு சாமியாரை அனுப்புகிறேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதை வைத்து முடிவு செய்கிறேன் என்று.

ஆக, கோயில் இருப்பதும் போவதும் அந்தக் கோட்டில் இருந்தது. இது ஓ.டி.யில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தன் அண்ணன் சொல்லியிருப்பார் என்று உங்கள் அம்மா நினைத்தாள். தங்கை சொல்லியிருப்பாள் என்று மாமா நினைத்தார். நானும் கேட்கவில்லை. எங்கள் சிதம்பரத்துக் கோயில் சின்னது. இருந்த கொஞ்சம் குடும்பமும் எங்கள் ஜனம்தான். பிரித்து உட்கார வைக்க ஆள் இல்லாததால் அங்கே சுவரும் இருந்ததில்லை, கோடும் இருந்ததில்லை.

வேலை தொடங்கிய அன்று காலையில் மாமா தோள்துண்டோடு கோயில் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ளே, கூரையப் பிரிங்க, தூணப் பிரிங்க, எங்களையே வேணும்னாலும் பிரிச்சுப் போடுங்க. கோட்டை மட்டும் தொட்டுடாதீங்க."

"நான் ஏன் மச்சான் அந்தப் பக்கம் போறேன்? சூளையில புதுக் கல்லுக்குச் சொல்லியாச்சு."

"சூளையிலயா? எதுக்கு?"

"வேலைக்குத்தான் மச்சான். கோயில் வேலைக்குத் திருட்டுக் கல்லு ஆவுமா?"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிதம்பரத்தாளு பேசுறதே ஒரு தினுசு" என்று சிரித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

நடந்தது உங்களுக்குப் புரிந்திருக்கும். தேவனாம்பட்டினத்தில் ஆற்றோரமாக வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. சிலர் கமுக்கமாகப் போய் அங்கிருந்து செங்கல் பெயர்த்து வந்து வீடு கட்டுகிறார்கள், பிடித்தால் கேஸ் என்று என் அண்ணன் சொல்லியிருந்தான். கடலூர் என்றால் எனக்குத் தெரிந்த கோட்டை அதுதான். மச்சான் அந்தக் கல்லை எடுக்காதே என்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். கோடு என்பதோடு ஐ சேர்ந்தாலும் கோட்டைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் வேற்றுமை உருபை ஒப்பிக்காமல் வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. உங்கள் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு அவர் கட்டிலருகில் உட்கார்ந்தேன்.

"கோட்டைப் பாத்தியா?" என்றார்.

"வந்த வாரமே போய்ப் பாத்துட்டேன் மாமா."

"எப்பிடிக் கெடக்கு?"

"என்னத்தச் சொல்றது? பாதி போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதுல புதர் மண்டிக் கெடக்கு. இன்னும் நாலு மழை தாங்காது."

"புதரா?" என்று கேட்டார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பழைய மனிதருக்குப் பழைய கட்டடத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டு, விசிறியை எடுத்து வீசிவிட்டேன்.

கூரை வேலை தச்சர்களுடையது. அவர்கள் முடித்துப் போனதும் தரையை நான் எடுத்துக்கொண்டேன். இடிபாட்டை அள்ளிக் கொட்டியபோது நடுவில் ஒரு வரிசையாகச் செங்கல் நான்கு விரல் உயரத்துக்கு முட்டிக்கொண்டு நின்றது. ஓர் இடத்தில் உயரம், ஓர் இடத்தில் பள்ளம், பல்லு போன ஈறு மாதிரி. ஏதோ பழைய படி, உத்திரம் விழுந்து நொறுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். உளியை வைத்து முட்டியதையெல்லாம் வெட்டித் தரைமட்டம் ஆக்கினேன். என்னோடு வந்திருந்த இரண்டு ஆட்களும் சிதம்பரத்துக்காரர்கள். பங்குச் சாமியார் அந்த வாரம் வெளியூருக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். தடுக்க ஒரு ஆள் இல்லை.

அப்போதெல்லாம் சிமென்டுக்கு பெர்மிட் வேண்டும். சாமி எத்தனையோ தடவை ஆபீசுக்கு நடந்து வாங்கி வைத்த மூட்டைகள் அவை. ஒரு கரண்டி வீணாக்கவில்லை. சல்லி போட்டு, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, நூல் பிடித்து, மட்டப்பலகை ஓட்டி, கடைசியில் சிமென்ட் பால் விட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கட்டினேன். ஈரத்தில் யாராவது கால் வைத்துவிடப் போகிறார்கள் என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தத் தரையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமாவுக்குத்தான் முதலில் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே வந்தார். கூரையைப் பார்த்து, "நல்லாருக்கு மாப்ளே" என்றார். நடந்து வந்தவர் நடுவில் நின்றார். காலைத் தரையில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார், இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி.

"கோடு எங்க?"

"எந்தக் கோடு மச்சான்?"

"கோட்டைத் தொடாதீங்கன்னு சொன்னனே."

"தொடலையே. ஒரு கல்லுகூட அங்கேருந்து எடுக்கல."

"எங்கேருந்து?"

"தேவனாம்பட்டணத்துலேருந்து."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் தாத்தா காலத்தில் கோயிலுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது. பீடத்துப் பக்கம் மண்டிக்காரர்கள், கடைக்காரர்கள், நிலம் வைத்திருந்தவர்கள். சுவருக்குப் பின்னால் சேரியிலிருந்து வந்த நம் ஜனம். வாசல் வேறு, தீர்த்தத் தொட்டி வேறு. சாமி முதலில் முன்பக்கத்து ஆட்களுக்கு நன்மை அப்பத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சுவர்வரை வந்து மேலாக நீட்டிக் கொடுப்பார். நம் ஆட்களில் யாராவது செத்தால் பெட்டியைச் சுவருக்கு இந்தப் பக்கமே வைத்து மந்திரித்து அனுப்பிவிடுவார்கள். பீடத்துக்கு முன்னால் போக முடியாது.

ஒருநாள் தோணியில் மூட்டை சரிந்து ஒரு ஆள் செத்துப்போனான். பெட்டியைத் தூக்கி வந்த நாலு பேரும் கீழே வைக்கவில்லை. சுவர் மேல் வைத்தார்கள். "எறக்குங்கடா" என்று முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "எறக்குறோம், அந்தப் பக்கம் எறக்குறோம்" என்றார்களாம். கடப்பாரை வந்தது. அன்றைக்குச் சுவர் போயிற்று, பெட்டி பீடம்வரை போயிற்று. அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் தாத்தா. அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வெளியே வந்தபோது துறைமுகத்தில் வேலை தரவில்லை. கோயிலைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே ஞாயிறுதோறும் மண்டிபோட்டுச் செபமாலை சொன்னார்கள்.

மாதங்கள் கழித்துக் கதவு திறந்தது. சுவரை மறுபடி கட்டவில்லை. ஆனால் இடிந்த அடையாளத்தை யாரும் பூசவும் இல்லை. 'இவனுங்க பண்ண அக்கிரமம் தெரியட்டும்' என்று முன்பக்கத்துக்காரர்கள் விட்டுவிட்டார்கள். 'தெரியட்டும்' என்று நம் ஜனமும் விட்டுவிட்டது. அன்றிலிருந்து ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோனால் கோட்டைத் தாண்டித்தான் கொண்டுபோவார்கள். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்துக் கோட்டைத் தாண்டுவார்கள். பெட்டியைத் தூக்கி வருகிறவர்கள் கோட்டருகில் நின்று, தோள் மாற்றிக்கொண்டு, தாண்டுவார்கள்.

"அப்பா வேற எதையும் கேக்கல. தன்னோட பொட்டி அதத் தாண்டிப் போவணும்னு மட்டும்தான் கேக்கறாரு. அண்ணன் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கு" என்றாள் அம்மா. "அவுரு கிட்ட நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

நான் புதரைப் பற்றிச் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் புதுத் தரையில் முதல் பூசை. நன்மை வாங்கிக்கொண்டு ஜனம் வரிசையாகத் திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் வந்ததும் ஒவ்வொருவர் காலும் கொஞ்சம் உயர்ந்து தாண்டியது. அங்கே தாண்ட ஒன்றும் இல்லை. மல்லாட்டை உடைக்கும் பெண்கள், கைப்பிள்ளைக்காரி, குச்சி ஊன்றிய கிழவர், எல்லோரும் தாண்டினார்கள். தாண்டிய கால் வழவழப்பில் இறங்கியதும் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். யாராவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

வாசலில் மண்டிக்காரர் என் தோளைத் தட்டினார். "கண்ணாடி மாதிரி போட்டிருக்கியே தம்பி. சபாஷ். கோடு கோடுன்னு மனு எழுதுனாங்க. இப்ப வர்ற சாமியாரு எதப் பாப்பாரு?" அவர் மனசாரத்தான் பாராட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமாவிடம் ஓடினேன். "மச்சான், சிவப்பு சிமென்ட்ல ஒரு கோடு போட்டுக் குடுத்துடறேன். நூல் புடிச்ச மாதிரி வரும்."

"நூல் புடிச்சுப் போட்ட கோட்டத்தான்டா எங்கப்பா ஒடைச்சாரு. எங்களுக்கு ஒடைஞ்ச கோடு வேணும். ஒடைஞ்சத ஒன்னால கட்ட முடியுமா?"

அதுவரை என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

திங்கட்கிழமை காலை ஒன்றும் சொல்லாமல் பாசஞ்சர் ஏறிவிட்டேன். ஓடித்தான் போனேன், மறைக்க ஒன்றும் இல்லை. பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று வண்டி போயிற்று. சிதம்பரத்திலேயே இருந்துவிட்டு அம்மாவை வரச் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். அண்ணன் ஒரு சத்திரத்தில் குறுக்குச் சுவரை இடித்துவிட்டு அடியைத் தோண்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"கடப்பாரையப் புடி. வெட்டியாத்தான நிக்கிற? சொவர இடிச்சுட்டேன், கூலி குடுன்னா, சத்திரத்துக்காரன் அஸ்திவாரத்த யாரு உங்கப்பனா எடுப்பான்னு கேக்கிறான். மேல எடுக்க ஒருநாள், அடியில எடுக்க மூணுநாள்."

நான் கடப்பாரையைப் பிடித்தேன். இரண்டு குத்துக் குத்தியிருப்பேன். கை நின்றுவிட்டது.

"அண்ணே, இடுப்பு ஒசரச் சொவருக்கும் அஸ்திவாரம் போடுவாங்கல்ல?"

"போடாம? ஒன்ன மாதிரி அந்தரத்துலயா நிக்கும்?"

கடப்பாரையை அவன் காலடியில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பின்னால் அவன் திட்டியதை எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை சாமியிடம் போய் நின்றேன். தியானத்திலிருந்து வந்து தரையைப் பார்த்ததிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. "ஒடைக்கணும் சாமி" என்றேன். "எதை?" "நான் போட்டத." அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பெர்மிட்டுக்காக நடந்தது ஞாபகம் வந்திருக்கும். பிறகு, "ஒடை" என்றார்.

முதல் கடப்பாரைக் குத்தை நான்தான் போட்டேன். என் வேலை நல்ல வேலை. லேசில் உடையவில்லை. சத்தம் கேட்டு ஜனம் வந்தது. மாமா தோணிக்குப் போகாமல் நாலைந்து ஆட்களோடு வந்தார். துறைமுகத்துக் கடப்பாரைகள் வந்தன. மண்டிக்காரருக்கும் செய்தி போய், வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார்.

"அடிச்ச சிமென்டயே பேர்க்கிறீங்களே, பெர்மிட்டு மரத்துல காய்க்குதா? சாமி, இந்த ஆளுக்கு மூளை கலங்கிடுச்சு."

அப்போது என் கடப்பாரை ணங் என்றது. மண்ணைக் கையால் அள்ளினேன். கீழே செங்கல். ஒரு வரிசை இல்லை, ஒன்றின் கீழ் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. தெற்கிலிருந்து வடக்குவரை அப்படியே கிடந்தது. காரையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுண்ணாம்பைச் சோதிக்க நாங்கள் அப்படித்தான் செய்வோம். அந்தக் கோயிலின் வெளிச்சுவர்க் காரையை மராமத்தின்போது பார்த்திருக்கிறேன். அதில் மணல் தூக்கல். இது நாள்கணக்கில் அரைத்த சுண்ணாம்பு.

"கோயில் சொவருக்குப் போட்டத விட இதுக்கு ஒசத்தியாப் போட்டிருக்காங்க" என்றேன். யாரையும் குத்திச் சொல்லவில்லை. கொத்தனாராகச் சொன்னேன்.

மண்டிக்காரர் குழியருகில் குந்தினார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டியது. கையைக் குழிக்குள் விட்டு அந்தச் செங்கல்லைத் தொட்டார். "எங்க தாத்தா போட்டது இது. அவரு செலவுலதான் கட்டுனாங்க" என்றார். பிறகு, "இவ்வளவு ஆழமா?" என்றார். அவர் எழுந்து போகும்போது மண்ணைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை.

அடியிலிருந்து தானாகக் கழன்ற ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். மாமாவும் அம்மாவும் பின்னால் வந்து நின்றார்கள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்லை வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தடவினார்.

"புதரு மண்டிக் கெடக்குன்னியே?"

"அது கோட்டை மாமா."

"கோட்டைத்தான்டா நானும் கேட்டேன்."

"நான் சொன்னது தேவனாம்பட்டணத்துக் கோட்டை."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அம்மா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும் மறுபடி கல்லைத் தடவினார்.

"அப்ப நாங்க மேல இருந்ததத்தான் ஒடைச்சோமா? அடியில இன்னும் இருக்குதா?"

"இருக்கு மாமா. எடுத்துடட்டுமா?"

"எடுக்காத" என்றார். "மூடவும் மூடாத. தெரியட்டும்."

அந்த வாரக் கடைசியில் மேற்றிராணியார் அனுப்பிய சாமியார் வந்தார். கோட்டின் ஓரத்தில் நின்று பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல், இதை உடைத்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்தார். மாமா அவரை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தார். தாத்தாவின் கட்டிலில், கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கடிதம் வந்தது. ஓ.டி. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் ஒரு கட்டையையும் எடுக்கக் கூடாது, என்.டி.யில் கட்டுவதானால் வேறு மரம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று. சாமி அதைப் பூசையில் படித்தபோது யாரும் கை தட்டவில்லை. அந்தக் காலத்தில் கோயிலில் கை தட்டும் வழக்கம் இல்லை. பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள்.

தாத்தா தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கல்லையும் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று மாமா சொல்லி, கால்மாட்டில் வைத்தோம். முன்னால் இடது பக்கம் மாமா, பின்னால் வலது பக்கம் நான், இன்னும் இரண்டு தோணிக்காரர்கள். கோயிலுக்குள் நுழைந்தபோது மண்டிக்காரர் பீடத்துப் பக்கம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் வழிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, செருப்பில்லாத காலோடு சுவரோரம் நின்றுகொண்டார்.

கோட்டருகில் நின்றோம். தோள் மாற்றினோம். மாமாவும் அவர் பக்கத்தில் இருந்தவரும் தாண்டினார்கள். அவர்கள் கால் பிறந்ததிலிருந்து தாண்டிய கால். என் கால் சிதம்பரத்துக் கால். நான் உடைத்த விளிம்பிலேயே என் பெருவிரல் இடித்து, ஒரு கணம் தடுமாறி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே கல் நகர்ந்த சத்தம் கேட்டது.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கோட்டைப் பாத்து வாங்க, மாப்ளே."